குரோஷே என்றால் கொக்கி

பேருந்தில் ஊசியும் நூலுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கையிலிருந்து தவறாமல் வரும் கேள்வி: "என்னக்கா, நிட்டிங்கா?" இல்லை, குரோஷே என்றால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்று வரும். ஒன்றில்லை. நிட்டிங் இரண்டு ஊசியில் போடுவது, குரோஷே ஒரே ஒரு கொக்கி ஊசியில் பின்னுவது. அந்த வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். பொருள், சின்னக் கொக்கி. பிரெஞ்சில் 'குரோ' என்றால் கொக்கி. அதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்து குரோஷே ஆனது. அந்தக் 'குரோ'வும் வடக்கே நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழிப் பக்கமிருந்து வந்து சேர்ந்ததுதான். ஆங்கிலத்தின் 'குரூக்' அதே குடும்பம். அடுத்தவன் நிலத்தை வளைத்துப் போடுவதைச் சொல்லும் 'என்குரோச்' என்ற சொல்லுக்குள்ளும் இந்தக் கொக்கிதான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு குரோஷே என்றால் பின்னல் மட்டும் இல்லை. சதுர அடைப்புக்குறி குரோஷே, பூட்டுத் திறக்கும் கம்பி குரோஷே, குத்துச்சண்டையில் கையை வளைத்து விடும் 'ஹூக்' குத்தும் குரோஷேதான். மென்மையான கைவேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இப்படியும் சில உறவினர்கள்.

கைவேலையின் பெயராக இது ஆங்கிலத்தில் பரவியது 1840களில். வேலை அதற்குச் சற்று மூத்தது. அச்சில் வந்த முதல் குரோஷே மாதிரிகள் 1823இல் நெதர்லாந்தில் 'பெனெலோப்பே' என்ற இதழில் வெளியானவை என்பார்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த 1840களில் கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தன. அந்த ஐரிஷ் குரோஷே லேஸ் விற்ற காசில் பல குடும்பங்கள் பிழைத்தன. பொழுதுபோக்கு என்ற பெயர் பிற்பாடு வந்தது.

இந்த வேலைக்குப் பெயர் வைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் பெரும்பாலும் கொக்கியைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர் 'ஹேக்கல்ன்' என்கிறார், டச்சுக்காரர் 'ஹாக்கன்' என்கிறார். இரண்டிலும் இருப்பது கொக்கி. ஸ்பானிய மொழியில் 'கஞ்சியோ', குட்டிக் கொக்கி. ஜப்பானியர் 'காகிபாரி அமி' என்கிறார்கள்: கொக்கி ஊசிப் பின்னல் என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறது அந்தப் பெயர். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு 'மெங்காயிட்'. 'காயிட்' என்றால் கொக்கி. ரம்புத்தான் கிளையை நீளக் கழியால் வளைத்துப் பறிப்பதும் மெங்காயிட்தான். நம் ஆட்கள் தொரட்டி போட்டு இழுப்பது என்பார்களே, அதே வேலை. கடையில் ஊசி வேண்டுமென்றால் 'ஜாரும் காயிட்' என்று கேட்க வேண்டும், நூலுக்கு 'பெனாங் காயிட்'. (பெனாங் என்றால் நூல். பினாங்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பினாங்கு வேறு, அது பாக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.)

மலாயில் 'ரெண்டா' என்று இன்னொரு சொல் உண்டு, லேஸைக் குறிக்கும். இந்தோனேசியாவில் குரோஷே பின்னுவதையே 'மெரெண்டா' என்பார்கள். இது போர்த்துக்கீசியச் சொல். அதே சொல்தான் தமிழில் 'ரேந்தை' ஆனது, சிங்களத்திலும் 'ரேந்த' ஆனது. போர்த்துக்கீசியக் கப்பல் தொட்ட துறைகளிலெல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது. பினாங்கில் பழைய ஆட்கள் சிலர் குரோஷேயையும் சேர்த்து 'லேஸ் பின்னுறது' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் இந்த ஊசி பெரும்பாலும் மேசை விரிப்பின் ஓரத்துக்கும் கைக்குட்டை விளிம்புக்கும்தான் உழைத்தது. 1852இல் பிரெஞ்சுக் கன்னியர் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கான்வெண்ட் தொடங்கினார்கள். இங்கிருந்த கான்வெண்ட் பள்ளிகளில் தையலும் பின்னலும் பாடம். ஆனாலும் ரேந்தை என்பது விளைபொருளின் பெயர். ஒரு முழுப் போர்வையைப் பின்னிவிட்டு அதை ரேந்தை என்றால் கேட்பவருக்குத் திரைச்சீலைதான் நினைவுக்கு வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

தமிழ்நாட்டில் வழக்கில் இருப்பது 'குரோஷா'. இந்தியில் 'குரோஷியா' என்பார்கள். எழுத்தில் குரோஷே, குரோசே, க்ரோஷே என்று மூன்று விதமாகப் பார்க்கிறோம். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் 'க்ரோ' வேண்டாம், 'குரோ' போதும். கிரந்தம் தவிர்ப்பவர்கள் குரோசே என்று எழுதலாம். எனக்கு ஷ-வோடு சண்டை இல்லை.

மொழிபெயர்ப்பு என்று இறங்கினால் பலர் 'பின்னல்' என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. சடை பின்னுவதும் பின்னல், கூடை பின்னுவதும் பின்னல், திருப்பூர் பனியன் பின்னலாடை. இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் போடும் நிட்டிங்கும் பின்னல்தான். நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஏணி விழும். குரோஷேயில் ஒரு கண்ணியைப் போட்டு முடித்ததும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் காத்திருக்கும். மற்றதெல்லாம் முடிந்து பூட்டப்பட்டவை. பாதியில் வேலையைப் பையில் திணித்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போகலாம் என்பது இதனால்தான். நிட்டிங் இயந்திரத்துக்கு எப்போதோ போய்விட்டது. குரோஷேயை அப்படி ஆலையில் போட்டுத் தள்ளும் இயந்திரம் சந்தைக்கு வரவில்லை, கடையில் விற்கும் அசல் குரோஷே ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். இவ்வளவு வேறுபாடும் கொக்கியால் வந்தது. ஆகவே 'கொக்கிப்பின்னல்' என்பதே பொருத்தம். கொக்கி கடன் வாங்கிய சொல்லும் இல்லை. வளைவு என்ற பொருள்கொண்ட திராவிட வேரிலிருந்து வந்தது, கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெமு. 'கொளுக்கிப் பின்னல்' என்றும் சொல்லிப் பார்க்கலாம், நாக்குதான் ஒத்துழைக்காது. ஊசிக்குக் 'கொக்கியூசி'.

தலைப்புச் சொல் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சின்னச் சொற்கள்தான் பின்னுபவருக்குத் தினமும் வேண்டியவை. 'ஸ்டிட்ச்' என்றதும் 'தையல்' என்று போடுகிறார்கள். இதில் துணியும் இல்லை, தைப்பதும் இல்லை. வலைக்கும் சங்கிலிக்கும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: கண்ணி. அதுவே போதும். தொடக்கத்தில் போடும் 'செயின்' சங்கிலிக் கண்ணி. அதற்கடுத்துதான் சிக்கல். அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் குட்டைக் கண்ணியை பிரிட்டிஷ்காரர்கள் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்காவின் 'டபுள்' பிரிட்டனில் 'டிரெபிள்'. நமக்கு இரண்டும் வந்து சேர்கின்றன. பினாங்கின் சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பின்னல் இதழ் பிரிட்டிஷ் கணக்கு, யூடியூப் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. இதழில் உள்ள 'டபுள்' என்பதை யூடியூபில் பார்த்த டபுளாகப் போட்டால் ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய இரு மடங்கு உயரும், இடைவெளி விழும், போர்வை வலையாகிவிடும். எந்தக் கணக்கு என்று பார்க்க ஒரு வழி உண்டு: 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் எங்காவது இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க மாதிரி. இன்றைய பிரிட்டிஷ் கணக்கில் அந்தப் பெயரே கிடையாது.

தமிழில் எழுதும்போது இந்தச் சண்டைக்குள் நாம் ஏன் போக வேண்டும்? ஒற்றை, இரட்டை என்று மொழிபெயர்த்தால் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்கிறோம். ஜப்பானிய மாதிரிகளில் உயரத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், நீளக் கண்ணி, நடுநீளக் கண்ணி என்று. அதுபோல குட்டைக் கண்ணி, நடுக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்றால் அமெரிக்கா, பிரிட்டன் எதுவாக இருந்தாலும் கண்ணால் பார்த்தே சரிபார்க்கலாம். நூலைக் கொக்கியில் சுற்றாமல் போட்டால் குட்டை, ஒரு சுற்றுச் சுற்றி மூன்று கண்ணியையும் ஒரே இழுப்பில் இழுத்தால் நடு, அதையே இரண்டு இழுப்பாக இழுத்தால் நெட்டை.

இனி இந்தப் பருவத்தில் எல்லோரும் பின்னிக்கொண்டிருக்கும் கோடு போட்ட 'ஆட்டம் (autumn) த்ரோ'வுக்கு வருவோம். த்ரோ என்பது சோபா முதுகில் போட்டுவைக்கும் சின்னப் போர்வை, வழக்கமாக 50க்கு 60 அங்குலம். அமெரிக்கர்கள் இதை 'அஃப்கான்' என்றும் சொல்வார்கள், ஆப்கானியரின் பெயரால். த்ரோ என்பதை 'எறி' என்று மொழிபெயர்த்தவர்களைக் கடவுள் காப்பாற்றட்டும். 'மடிப்போர்வை' என்று நான் சொல்வேன். மடியில் போட்டுக்கொள்வதும் அதுதான், மடித்து வைப்பதும் அதுதான். 'கம்பளி' வேண்டாம், இங்கே விற்கும் நூலில் ஆட்டு ரோமம் அபூர்வம். 50 கிராம் உருண்டையாகக் கிடைக்கும் 'மில்க் காட்டன்' கூடப் பெயருக்குத்தான் பால், பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. பினாங்கு வெயிலில் மடிப்போர்வை எதற்கு என்று கேட்பவர், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் விட்டு ஓடும் கோலாலம்பூர் இரவுப் பேருந்தில் ஏறியதில்லை என்று அர்த்தம்.

'ஆட்டம்' என்பதற்கு இலையுதிர்காலம் என்று பாடநூலில் படித்தோம், மலாயிலும் 'மூசிம் லூரோ', உதிரும் பருவம்தான். நம் ஆறு பருவங்களில் மாதத்தை வைத்துப் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகைக் கூதிர்தான் அங்கே வந்து உட்காரும். அதுவோ வாடைக்காற்றும் மழையுமான பருவம், சருகுக்கு வேலையில்லை. மலேசியத் தமிழருக்கு இலையுதிர்வு தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் தோட்டம் முழுக்க இலை பழுத்து, செங்காவியும் தாமிரமுமாகி உதிரும். துரைமார் அதை 'விண்டரிங்' என்றார்கள். பால் குறையும், கூலியும் குறையும். அந்த நிறங்களை ரசித்த பால்மரக்காரர் அதிகம் இருந்திருக்க மாட்டார்.

நிறங்களின் பெயருக்கு அகராதி வேண்டாம், புடவைக் கடை போதும். பினாங்கின் லெபோ பாசார் தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் 'ரஸ்ட்', 'மஸ்டர்ட்', 'பர்கண்டி' என்று மூச்சு விட வேண்டியதில்லை: செங்கல், மாம்பழம், அரக்கு, பாசிப்பச்சை, காப்பிப்பொடி. வெந்தயக் கலர் என்றால் எடுத்துப் போடுவார்கள். அந்த வரிசையோடு பாக்கு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பாக்கின் பெயரைத் தாங்கிய தீவில் அது இல்லாமல் எப்படி? 'ஸ்ட்ரைப்' என்பதற்குக் கோடு என்றால் மெல்லியது, பட்டை என்றால் அகலமானது. பவானி சமுக்காளத்தில் இருப்பது பட்டை. ஆறு வரிக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் அதுவும் பட்டைதான்.

நிறம் மாற்றும் இடத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். அரக்கு வரி முடிந்தபின் புது வரியில் மாம்பழ நூலைத் தொடங்கினால் விளிம்பில் அரக்குப் புள்ளி துருத்திக்கொண்டு நிற்கும். அரக்கின் கடைசிக் கண்ணியில் கொக்கி மேல் இரண்டு கண்ணி மிச்சமிருக்கும்போதே அரக்கைக் கீழே விட்டுவிட்டு, மாம்பழ நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டுக்குள்ளும் இழுத்துவிட வேண்டும். கொக்கியில் அப்போது நிற்பது மாம்பழக் கண்ணி. அடுத்த வரி அங்கிருந்து சுத்தமாகத் தொடங்கும். மாதிரிகளில் இதற்கு 'கலர் சேஞ்ச்' என்றுதான் இருக்கும். 'நூல் மாற்று' என்று எழுதினால் போதும்.

கொக்கிப்பின்னலில் ஒரே குறை, வினைச்சொல் ஆகாது. 'கொக்கிப்பின்னல் செய்கிறேன்' என்பது அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. 'கொக்கியில் பின்னுறேன்' என்று சொல்லிப் பாருங்கள், பேருந்தில் கேட்ட அக்காவுக்கும் புரியும். அப்புறம் அவர் கொக்கியை வாங்கிப் பார்ப்பார், நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிடும்.