தங்க நானோ சொட்டுக்காக கீமோவை நிறுத்தாதீர்கள்

மார்பகத்தில் இரண்டாம் நிலைப் புற்றுநோயோடு வந்த அம்மா அவர். ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கீமோ தொடங்கியிருந்தோம். இரண்டு கீமோவுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. பல மாதம் கழித்து வந்தபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மகன் கையில் இருந்த பையில் "தங்க நானோ" என்று லேபிள் ஒட்டிய சொட்டு மருந்து பாட்டில்கள். "ஃபாரின்ல கண்டுபிடிச்சது டாக்டர், சைடு எஃபெக்ட்டே கிடையாதாம்" என்றார். இதையே வேறு குடும்பங்களும் சொல்லக் கேட்டுவிட்டேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்க நானோ துகள்களை, அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறு தங்கத் துகள்களை, வைத்து ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். 2004-இல் அமெரிக்காவில், கட்டி உள்ள எலிகளுக்கு 1.9 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களை ரத்தத்தில் ஏற்றி எக்ஸ்ரே கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து அவற்றில் 86 சதவீதம் உயிரோடு இருந்தன. எக்ஸ்ரே மட்டும் பெற்ற எலிகளில் 20 சதவீதம்தான். கதிரியக்கச் சிகிச்சை செய்பவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஆர்வம் உண்டு. ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்தது 250 கிலோவோல்ட் கதிர். நாங்கள் கதிர் கொடுக்கும் லினாக் மெஷினில் வழக்கமாகக் கொடுப்பது 6 மெகாவோல்ட். அவ்வளவு அதிகச் சக்தியில் தங்கம் கதிரை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாது.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 ஆண்களிடம் நடந்த சோதனை 2019-இல் வெளியானது. சிலிக்கா உருண்டைமேல் தங்கம் பூசிய துகள்களை ரத்தத்தில் ஏற்றி, புராஸ்டேட்டுக்குள் லேசர் இழையைச் செருகிக் கட்டியைச் சூடேற்றினார்கள். நோய் பரவாத, கட்டி ஒரே இடத்தில் இருந்த நோயாளிகள் அவர்கள். கட்டியை அழித்தது லேசரின் வெப்பம். அந்த வெப்பத்தைக் கட்டியில் குவிப்பதுதான் தங்கத்தின் வேலை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "தங்கம் உள்ளே போனால் தானாகவே புற்றைத் தேடிப் பிடிக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். தேடாது. ரத்த ஓட்டத்தோடு போகும், அவ்வளவுதான். ஊசியில் ஏற்றினாலே பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். டொராண்டோ பல்கலைக்கழகக் குழு பத்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்குப் பார்த்தது. பலவகை நானோ துகள்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஊசியில் போட்டதில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் விஞ்ஞானிகள் பார்த்துப் பார்த்துச் செய்த துகள்களுக்கு, நேராக ரத்தத்தில் ஏற்றிய பிறகு. நீங்கள் வாயில் விடும் சொட்டில் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதே மிகச் சொற்பம். அப்படியே கொஞ்சம் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே லேசர் ஏது, கதிர் ஏது? அது என்ன செய்துவிடும்?

இன்னொரு குழப்பம். பில்லில் "நானோ" என்று பார்த்துவிட்டு, "எங்களுக்குத் தங்கம்தானே போட்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். லைப்போசோமல் டாக்ஸோரூபிசின், நாப் பாக்லிடாக்செல் இரண்டும் நானோ அளவுள்ள கீமோ மருந்துகள். அமெரிக்காவில் 1995-இலும் 2005-இலும் அனுமதி பெற்றவை. இவற்றில் தங்கம் இல்லை. அதேபோல, ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் காண்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம், தங்க ஊசி போடுங்கள் என்று கேட்காதீர்கள். எக்ஸ்ரேயைத் தடுப்பதில் அயோடினைவிடத் தங்கம் கெட்டி என்பது சரி. ஆனால் அப்படி ஓர் ஊசி எங்கள் அலமாரியில் இல்லை.

யாராவது "டிரையல்" என்று சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். சிடிஆர்ஐ (CTRI) என்று தொடங்கும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சோதனை மருந்துக்குக் காசு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தங்க பற்பமோ வேறெதுவோ சாப்பிடுகிறீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். பாட்டிலையும் ஃபைலோடு எடுத்து வாருங்கள். கீமோவில் வாந்தியும் சோர்வும் தாங்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வாந்திக்கு நல்ல மருந்து இருக்கிறது, டோஸைக் குறைக்கவும் வழி உண்டு. பணம்தான் பிரச்சினை என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆஸ்பத்திரியிலேயே உதவி கிடைக்கும். தயவுசெய்து, அடுத்த கீமோ தேதிக்கு வந்துவிடுங்கள்.