நாயை ஏவினாலும் வேட்டைதான்: சுருக்கு, கண்ணி, வலை பற்றிய சட்டம்

“கண்ணி வைத்தேன், ஒன்றும் விழவில்லை”, “நாய் துரத்தியது, முயல் தப்பிவிட்டது.” வனத்துறை வழக்கில் இந்த இரண்டு பேச்சும் எடுபடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16)ஆம் பிரிவுப்படி துரத்துவது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது எல்லாமே வேட்டை; முயன்றாலே போதும். காவல் நாய் தானாக ஓடியது என்று சொல்லலாம். டார்ச், வலை, சாக்கோடு நாலு பேர் பின்னால் ஓடியிருந்தால் யார் நம்புவார்கள்?

உரிமம் வாங்கி வேட்டையாடும் ஏற்பாடு 1991 திருத்தத்தோடு போய்விட்டது. திருவிழா முயல் வேட்டைக்கு ஊர்க்கூட்டம் அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது.

முயலும் காட்டுப்பன்றியும் இப்போது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்படும் விலங்குகளின் பட்டியலில், இருக்கின்றன. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுத்தை, கரடி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000. சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலும் இதே தண்டனை. பிடிபட்ட வலை, பொறி, பைக் எல்லாம் 39ஆம் பிரிவின்படி அரசுச் சொத்து.

சுருக்கின் ஆபத்தே இங்கேதான். வேலி இடுக்கில் முளையடித்துக் கட்டிய பைக் கிளட்ச் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சிறுத்தை நுழைந்தால் பெரும்பாலும் இடுப்பில் மாட்டும். திமிறத் திமிற இறுகும், தளராது. வெளியே காயம் தெரியாமல் உள்ளுறுப்பு நசுங்கி, மீட்ட பிறகும் சாவது உண்டு. கூட்டம் கூடினால் அது இன்னும் திமிறும். அதனால் கம்பியை நீங்களே வெட்டப் போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் அதே சட்டத்தின் 11(2)ஆம் பிரிவு பாதுகாப்புத் தரும். ஆனால் அந்த நேரத்தில் நீங்களே வேட்டைக்குப் போயிருந்தால் தராது.

பன்றித் தொல்லைக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை உண்டு: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டுமே, விவசாயி அல்ல. பயிர் போயிருந்தால் மேய்ந்த இடத்தையும் குளம்புத் தடத்தையும் அன்றே படமெடுத்து, சிட்டா, அடங்கல் நகலோடு இழப்பீடு கேட்டு வனச்சரகத்தில் மனுக் கொடுங்கள். உழுதுவிட்டுப் போனால் பார்க்க எதுவும் இருக்காது.