பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள், குடலை அப்புறம் பார்க்கலாம்

போன வாரமும் ஒரு குழந்தை. மூன்று வயது முடிந்துவிட்டது, 'அம்மா'வைத் தவிர வேறு சொல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மா ஒரு துணிக்கடைப் பையை என் மேசையில் கவிழ்த்தார். நான்கு கம்பெனிகளின் புரோபயாட்டிக் சாஷேக்கள், அதாவது குடலுக்கு நல்லது என்று விற்கும் பாக்டீரியாப் பொட்டலங்கள். ஆறு மாதமாகக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. "குடல் சரியானா மூளை சரியாயிடும்னு சொன்னாங்க டாக்டர்."

காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை.

யார் சொன்னார்கள் என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். வீடியோவாக இருக்கும், இல்லை சொந்தக்காரர். சில நேரம் நம் மருத்துவர்களேதான்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு இருப்பது கட்டுக்கதை இல்லை. அயர்லாந்தின் கார்க் நகரில் நரம்பியல் விஞ்ஞானி ஜான் கிரையன் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறார். 2011இல் அவர் குழு லாக்டோபேசிலஸ் பாக்டீரியா வகை ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. அவற்றின் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளிடம் அந்தப் பலன் இல்லை. அருமையான ஆய்வு. வீடியோக்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதே பாக்டீரியாவை 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பிளாசிபோவைவிட (மருந்தே இல்லாத போலி மருந்து) எந்தப் பலனும் தெரியவில்லை. அதையும் 2017இல் கார்க் குழுவே வெளியிட்டது. இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அடுத்து, 'கிருமியில்லா எலி'. ஜப்பானில் 2004இல் சூடோ குழுவினர் கண்டது இது: நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகள் மனஅழுத்தத்துக்கு அளவுமீறி எதிர்வினை காட்டின. சின்ன வயதிலேயே கிருமிகளைக் கொடுத்தால் சரியானது, தாமதித்தால் ஆகவில்லை. உடனே நம் ஆட்கள் 'சின்ன வயதிலேயே கொடுக்கணும்' என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த எலி பிறந்ததிலிருந்து மூடிய கூண்டில், கிருமிநீக்கிய தீனி தின்று வளர்ந்தது. உங்கள் பிள்ளை அப்படியா வளர்ந்தான்? தாய்ப்பால் குடித்திருக்கிறான், தரையை நக்கியிருக்கிறான், பாட்டி கையால் பருப்புசாதம் சாப்பிட்டிருக்கிறான். அவன் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. காலிக் குடலில் நடந்ததை நிறைந்த குடலுக்குப் பொருத்தாதீர்கள்.

ஆட்டிசக் குழந்தைகளின் குடல் கிருமிகள் வேறு மாதிரி இருக்கின்றனவே என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என 247 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2021இல் வந்த முடிவைப் பாருங்கள். ஆட்டிசத்துக்கும் கிருமிகளுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பம். ஆட்டிசம் இருந்தால் குழந்தை சாப்பிடும் வகைகள் சுருங்குகின்றன, அதனால் கிருமி வகைகளும் சுருங்குகின்றன. வெள்ளைச் சாதம், தயிர், ஒரே பிராண்டு பிஸ்கட், வேறெதையும் தொடாத பிள்ளைகளை ஓபியில் தினமும் பார்க்கிறோம். மலச்சிக்கல் இருந்தால் அதற்கு வைத்தியம் செய்வேன், பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் அது பேச்சுக்கான வைத்தியம் அல்ல.

சரி, செய்யவேண்டியவை. கேட்புப் பரிசோதனை முதலில். "பாத்திரம் விழுந்தா திரும்புறானே" என்று சொல்லாதீர்கள். பெரிய சத்தம் கேட்டும் பேச்சொலி சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. 16 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் உடனே வாருங்கள். மாமா நாலு வயசில்தான் பேசினார் என்ற கதை வேண்டவே வேண்டாம். தனியாரில் செலவாகும் என்று தயங்கினால் அரசின் டி.இ.ஐ.சி., அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட மையம் இருக்கிறது, இலவசம்.

சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு என்னை நச்சரிக்காதீர்கள். தேவைப்பட்டு எழுதினால், குடல் கெட்டுவிடும் என்று பாதியில் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கெஞ்சலாகவே சொல்கிறேன்: நீங்களாக எந்தச் சாஷேயும் கலக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தை ஒன்று, கொடுத்த புரோபயாட்டிக் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்தது; 2023இல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. தேவையா இல்லையா என்பதை என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) மருத்துவர் சொல்லட்டும்.