மைய நீரோட்டமா, பொது வகுப்பா?

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் வந்துவிட்டால் நம் செய்தித்தாள்களில் நீர்வரத்து கூடிவிடும். சிறப்புத் தேவையுள்ள மாணவர்களை மைய நீரோட்டத்தில் இணைத்தார்கள் என்று ஒரு செய்தி. பிரதான நீரோட்டத்துக்குக் கொண்டுவர நடவடிக்கை என்று பக்கத்திலேயே இன்னொன்று. விஷயம் என்னவென்று படித்துப் பார்த்தால், அதுவரை சிறப்புப் பள்ளியிலோ பகல்நேரப் பராமரிப்பு மையத்திலோ இருந்த ஒரு பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த செய்தியைச் சொல்ல ஆறு எதற்கு?

மூலச் சொல் மெயின்ஸ்ட்ரீமிங். மெயின்ஸ்ட்ரீம் என்றால் ஆற்றின் முதன்மையான ஓட்டம். பெரும்பான்மையோரின் போக்கு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் அதற்கு வந்தது. 1970களில் அமெரிக்கப் பள்ளிகள் அதை வினைச்சொல்லாக்கின. உடற்குறையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தர வேண்டும் என்று அங்கே 1975இல் வந்த சட்டத்தோடு இந்தச் சொல்லும் பரவியது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தில் மெயின்ஸ்ட்ரீமிங் என்ற சொல்லே இல்லை. பிள்ளைக்கு மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள சூழலில் கற்பிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. ஆற்றைக் கொண்டுவந்தது ஆசிரியர்களின் பேச்சு வழக்கு.

ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோன உருவகம். அந்தச் சொல்லைக் கேட்கிறவர் மனதில் தண்ணீர் ஓடுவதில்லை. தமிழுக்கு வந்ததும் நீரும் ஓட்டமும் முழுசாக எழுந்து நிற்கின்றன. நமக்கு நீரோட்டம் என்றால் கிணறு வெட்டும் முன் நிலத்தடியில் பார்ப்பது. இல்லாவிட்டால் வைரத்தில் பார்ப்பது. ஆற்று நீரோட்டம் என்றாலோ, இழுத்துக்கொண்டு போவது. குளிக்கப் போகும் பிள்ளைகளிடம் ‘பார்த்து இறங்கு’ என்று நாம் எச்சரிப்பது. ஊன்றுகோலோடு நடக்கும் குழந்தையை அதில் ‘கலக்கச்’ செய்தார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறோம்.

இதைவிடப் பெரிய தொந்தரவு, இந்தத் தொடர் நம் செய்திகளில் வேறெங்கே புழங்குகிறது என்பது. ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைந்த மாவோயிஸ்டுகள் ‘மைய நீரோட்டத்துக்குத் திரும்பினார்கள்’. எல்லை மாநிலத்து இளைஞர்கள் ‘தேசிய நீரோட்டத்தில் இணைய வேண்டும்’. விலகிப் போனவர்கள், மனம் மாறித் திரும்புகிறார்கள் என்ற வாடை அதில் இருக்கிறது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த ஏழு வயதுப் பிள்ளை எதிலிருந்து விலகிப் போனது? சாய்தளம் இல்லாமல் கட்டிய பள்ளிதான் அதை வெளியே நிறுத்தியது. திரும்பி வர வேண்டியவர் யாராவது உண்டென்றால் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர்தான்.

போதாக்குறைக்குக் குழந்தைத் தொழிலாளர் மீட்பிலும் இதே தொடர். சிறப்புப் பயிற்சி மையத்தில் படித்த பிள்ளையை முறையான பள்ளியில் சேர்ப்பதற்கும் அங்கே மெயின்ஸ்ட்ரீமிங் என்றுதான் பெயர். தமிழ் அறிக்கையில் அதுவும் நீரோட்டமாகிவிடுகிறது. செங்கல் சூளையிலிருந்து மீட்ட பிள்ளைக்கும், காது கேட்காத பிள்ளைக்கும் வேண்டிய ஏற்பாடு ஒன்றா?

சரி, ‘மைய நீரோட்டம்’ வேண்டாமென்றால் ‘ஒருங்கிணைந்த கல்வி’, ‘உள்ளடக்கிய கல்வி’ என்றெல்லாம் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுத்துக்கொள்ள முடியாது. அவை வேறு வேறு சங்கதிகள். மெயின்ஸ்ட்ரீமிங்கில் தயாராக வேண்டியது பிள்ளை: வகுப்பு நடக்கிறபடி நடக்கும், அதற்கு ஈடுகொடுக்க முடிகிற அளவுக்குப் பிள்ளை அதில் உட்காரும். ஒருங்கிணைப்பில் பிள்ளைக்கென்று உதவிகள் வருகின்றன, ஆனால் வகுப்பு பெரும்பாலும் பழையபடியே. பிரிட்டனில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த வார்னாக் குழு 1978இல் வெளியிட்ட அறிக்கை இந்த ஒருங்கிணைப்பையே மூன்று படியாகப் பிரித்துக் காட்டியது: ஒரே வளாகத்தில் இருப்பது, சேர்ந்து சாப்பிட்டு விளையாடுவது, சேர்ந்து பாடம் படிப்பது. நம் ஊரில் முதல் படியிலேயே புகைப்படம் எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது சங்கதியான இன்க்ளூஷனில், அதாவது ‘உள்ளடக்கிய கல்வி’யில், மாற வேண்டியது வகுப்பு. பாடம் நடத்தும் விதம், தேர்வு, கட்டடம், எல்லாம். 1994இல் ஸ்பெயினின் சலமான்காவில் 92 நாட்டு அரசுகள் கூடி ஏற்ற அறிக்கை இந்த மூன்றாவதைத்தான் முன்னிறுத்தியது.

நம் சட்டங்களும் இதே வழியில்தான் வந்திருக்கின்றன. 1974இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரில் இருந்தது ஒருங்கிணைப்பு. 1995ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளி மாணவர்களை ‘நார்மல்’ பள்ளிகளில் ஒருங்கிணைப்பது பற்றிப் பேசியது. (இதைச் ‘சாதாரணப் பள்ளி’, ‘இயல்பான குழந்தைகள்’ என்று தமிழாக்கி, மற்ற பிள்ளைகளை இயல்பற்றவர்களாக்கிய புண்ணியம் மொழிபெயர்ப்பாளர்களுடையது.) 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்க்ளூஷன் வந்து உட்கார்ந்தது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து கற்பது, அவர்கள் தேவைக்கேற்பக் கற்பித்தல் மாறுவது என்று விளக்கமும் கொடுத்தது. இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே நீரோட்டத்தில் கரைத்துவிட்டால், பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு வேறு எதையும் மாற்றாத பள்ளியைக் கேள்வி கேட்க நம்மிடம் சொல் இருக்காது.

‘ஒருங்கிணைந்த’ என்ற சொல் ஏற்கெனவே உழைத்துக் களைத்துவிட்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். இந்தியில் சமக்ர சிக்ஷா என்பது தமிழ்நாட்டில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’. இதில் ‘ஒருங்கிணைந்த’ என்பது பல திட்டங்களை ஒன்றாக்கியதைக் குறிக்கிறதே தவிர, பிள்ளைகளை ஒன்றாக்கியதை அல்ல. அந்தத் திட்டத்துக்குள்தான் ‘உள்ளடக்கிய கல்வி’ இருக்கிறது. அந்தத் திட்டத்தின் வட்டார அலுவலகமான வட்டார வள மையத்துக்கு முதன்முறை வரும் ஒரு தாய், இந்தப் பெயர்கள் எழுதிய பலகையைப் படித்து என்ன புரிந்துகொள்வார்?

இனி அந்த உள்ளடக்கிய கல்விக்கு வருவோம். உள்ளடக்கு என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. எதை உள்ளடக்கிய கல்வி? சமையல் எரிவாயு மானியத்தை உள்ளடக்கிய திட்டம் என்றால் புரிகிறது. இங்கே யாரையென்று சொல்லாமல் பாதியில் நிற்கிறது. இதைத் திருத்துவதாக நினைத்துச் சிலர் ‘உள்ளடங்கிய கல்வி’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். உள்ளடங்கிய கிராமம் என்றால் தமிழில் என்ன? பேருந்து போகாத, பிரதான சாலையிலிருந்து விலகி ஒதுங்கிக் கிடக்கும் ஊர். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘உள்வாங்கிய கல்வி’ என்றும் ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் பார்த்தேன். கடல்தான் உள்வாங்கும்; உள்வாங்கினால் நாம் ஓட வேண்டும். இலங்கைத் தமிழர் ‘உட்படுத்தல் கல்வி’ என்கிறார்கள். எனக்கு அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் விசாரணைக்கு உட்படுத்தினார்கள் என்ற நிழல் கூடவே வருகிறது. ‘உள்’ என்று தொடங்கும் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அந்த வாக்கியமே தொடங்குகிறது.

என் முடிவு இது. மெயின்ஸ்ட்ரீமிங் என்பதற்குப் பொது வகுப்பில் சேர்த்தல். சிறப்புப் பள்ளி என்ற சொல் ஊன்றிவிட்டது, அதற்கு இணையாகப் பொதுப் பள்ளி. பொது, சிறப்பு என்று இணையாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. நன்னூல் பாயிரத்தையே பொது, சிறப்பு என்றுதான் இரண்டாகப் பிரிக்கிறது. அதோடு பொது என்பதற்கு எல்லாருக்கும் உரியது என்ற பொருளும் உண்டு. பொதுக்கிணற்றில் யாரும் யாரையும் இணைப்பதில்லை, உரிமையோடு வந்து மொள்கிறார்கள். இன்க்ளூஷனுக்குச் ‘சேர்ந்து கற்றல்’ என்று சட்டத்தின் விளக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கற்பித்தல் மாற வேண்டும் என்ற பாதி அதில் இல்லை, உண்மைதான். உள்ளடக்கிய என்பதில் மட்டும் இருக்கிறதா?

கலைச்சொல் மாதிரி இல்லையே, பேச்சுத் தமிழ் மாதிரி இருக்கிறதே என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் முகம் சுளித்தார். கலைச்சொல் என்றால் ஒரு முறை படித்தால் புரியக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதே கல்வித் துறை, எழுத முடியாத மாணவருக்குப் பொதுத்தேர்வில் உதவுபவரை ‘சொல்வதை எழுதுபவர்’ என்கிறது. எவ்வளவு சுத்தமான சொல். கேட்ட உடனே அவர் என்ன செய்வார், என்ன செய்யக் கூடாது என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது: சொல்வதை எழுதுவார், சொல்லாததை எழுத மாட்டார். இதை ‘எழுத்துப்பணி ஆதரவாளர்’ என்று மாற்றாமல் இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்திருப்பதே அதிசயம். அந்தச் சொல்லைத் தந்தவர்கள், தேர்வில் இந்த மாணவர்களுக்குத் தரும் கூடுதல் ஒரு மணி நேரத்தையும் மொழிப்பாட விலக்கையும் அதே மாதிரி நேராகத்தான் எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் விண்ணப்பித்து வாங்க வேண்டியவை என்பதால் அவை புரிந்தாக வேண்டும். பொது வகுப்பில் சேர்ப்பதும் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியதுதான். 2016 சட்டப்படி 6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாமல் படிக்கலாம். அந்தத் தாய் தலைமையாசிரியர் முன்னால் போய் ‘என் மகளை மைய நீரோட்டத்தில் இணையுங்கள்’ என்றா கேட்பார்? ‘மத்த பிள்ளைங்களோட இதே வகுப்புல சேர்த்துக்குங்க சார்’ என்பார். சுற்றறிக்கையும் அதையே சொல்லட்டும்.