கிட்டாரின் கனத்த ஒலியும் 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும்

லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷலும், அவருடன் இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் 1962-இல் தங்கள் முதல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கியபோது, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டாருக்கென வடிவமைக்கப்பட்ட அந்தச் சுற்றில், ஒலியைப் பெருக்கும் முதல் வால்வின் கேத்தோடு என்னும் முனையில் 250 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்பு, இருந்தது. அதே மார்ஷல் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட 2203 என்ற நூறு வாட் ஆம்ப்ளிஃபயரில் அந்த இடத்தில் இருப்பது வெறும் 0.68 மைக்ரோஃபாரட். கனத்த ராக் இசைக்கு இன்றும் அளவுகோலாகச் சொல்லப்படும் ஆம்ப்ளிஃபயர், தன் மூதாதையைவிடக் குறைந்த பேஸையே, அதாவது தாழ்ந்த ஒலிகளையே, முதல் வால்வு நிலையில் பெருக்குகிறது. கனமான ஒலி வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பேஸைக் கூட்டிவிட்டு, சேற்றில் கால் வைத்ததைப் போன்ற ஒலியுடன் திண்டாடுவதற்குக் காரணம் இந்த முரண் புரியாததுதான்.

இந்த ஆம்ப்ளிஃபயர்களின் முன்பகுதியில் வேலை செய்வது 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வு. ஐரோப்பாவில் இதற்கு இசிசி83 என்று பெயர். பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதல்ல. ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் ஆனோடை நோக்கிப் பாயும். இடையில் உள்ள கிரிட் என்னும் கம்பிவலையின் மின்னழுத்தம் அந்தப் பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். கிரிட்டை, கேத்தோடைவிட ஒன்றரை அல்லது இரண்டு வோல்ட் எதிர்மின் பக்கம் நிறுத்திவைப்பது வழக்கம். உள்ளே வரும் அலை அந்த இரண்டு வோல்ட்டைத் தாண்டி மேலே போனால் கிரிட்டே எலக்ட்ரான்களை ஈர்க்கத் தொடங்கி, அலையின் உச்சி நசுங்கும். மறுபக்கம் மிகக் கீழே போனால் பாய்ச்சல் முற்றிலும் நின்று, அலையின் அடி வெட்டுப்படும். இப்படித் தட்டையாக்கப்பட்ட அலையில் மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம்.

ஒற்றைச் சுரத்தை வாசிக்கும்போது இந்த மேற்சுரங்கள் இனிமையாகவே இருக்கும். சிக்கல், இரண்டு சுரங்கள் ஒரே வால்வுக்குள் நுழையும்போது தொடங்குகிறது. அலையை வெட்டும் எந்தச் சுற்றும் உள்ளே வந்த அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய அதிர்வெண்களாக வெளியே அனுப்பும். கிட்டாரின் மிகத் தடித்த தந்தியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ். அதனுடன் ஐந்தாம் சுரமான 123.5 ஹெர்ட்ஸைச் சேர்த்து வாசித்தால் இரண்டின் வேறுபாடு 41 ஹெர்ட்ஸ். அது முதல் சுரத்துக்குச் சரியாக ஓர் ஆக்டேவ் கீழே நிற்கிறது. வாசிக்காத ஒரு தாழ்சுரம் தானாக வந்து சேர்வதால் ஒலி இன்னும் பெரிதாகிறது. மாறாக, மூன்றாம் சுரமான 103.8 ஹெர்ட்ஸைச் சேர்த்தால் வேறுபாடு 21 ஹெர்ட்ஸ் அளவில், எந்தச் சுரத்தோடும் பொருந்தாத உறுமலாக முடிகிறது. போதாக்குறைக்கு, மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் துடிக்கும். ஹெவி மெட்டலில் மூன்றாம் சுரத்தைக் கழற்றிவிட்டு முதலும் ஐந்தும் மட்டும் கொண்ட பவர் கார்டு ஆட்சி செய்வதற்கு இந்தக் கணக்கே பெருமளவு காரணம்.

பேஸின் தொல்லை வேறு வகையானது. தடித்த தந்தியின் தாழ் அதிர்வெண் ஒரு பெரிய அலை; தந்தியைத் தட்டும் பிக் என்னும் சிறு தகட்டின் கடகடப்பும் உலோகத் தன்மையும் அதன் முதுகில் ஏறிவரும் சிற்றலைகள். பெரிய அலை உச்சியைத் தொட்டு வெட்டுப்படும் நேரம் முழுவதும் அந்தச் சிற்றலைகளும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. எனவே டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸை மெலிதாக்கி, டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு அதைத் திரும்பக் கொடுப்பதே சரியான வரிசை. பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞரான பர்மிங்ஹாமின் டோனி அயோமி உலோகத் தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்தவர்; இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். வலியைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்தி, சுரத்தைக் கீழே இறக்கி வாசித்த அவர், லேனி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்திருந்தது டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற, உயர்ந்த ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் பூஸ்டர். உலகின் மிகக் கனத்த கிட்டார் ஒலி என்று சொல்லப்பட்ட ஒன்று, ட்ரெபிளை உயர்த்தும் பெட்டி வழியே சென்றது.

இப்போது அந்த 0.68 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அருகில் பார்க்கலாம். 2203-இன் முதல் நிலையில் கேத்தோடுக்கும் தரைக்கும் இடையே 2.7 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது. மின்தேக்கி அதன் குறுக்கே பற்றவைக்கப்பட்டிருக்கும். மின்தடை மட்டும் இருந்தால், வால்வில் மின்னோட்டம் கூடும்போது கேத்தோடின் மின்னழுத்தமும் கூடி, கிரிட் செய்யும் வேலையைத் தானே எதிர்க்கும். அப்போது அந்த நிலையின் பெருக்கம் ஏறத்தாழ 23 மடங்கு. மின்தேக்கி, கேத்தோடின் மின்னழுத்தத்தை அசையாமல் பிடித்துவைக்குமானால் பெருக்கம் 60 மடங்கை நெருங்கும். ஆனால் சிறிய மின்தேக்கியால் வேகமான மாற்றங்களுக்கு மட்டுமே ஈடுகொடுக்க முடியும். இங்கே கணக்குப் போட்டால், 87 ஹெர்ட்ஸ் அளவில் உயரத் தொடங்கும் பெருக்கம் 230 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகே முழு உயரத்தை எட்டுகிறது. தடித்த தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பெருக்கம் அதிகமில்லை. அதன் மேற்சுரங்களுக்கு முழுப் பெருக்கமும் கிடைக்கிறது. ஃபெண்டர் வகைச் சுற்றுகளில் பரவலாகக் காணப்படும் 25 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 0.68-ஐப் பற்றவைப்பதுதான், என் மதிப்பீட்டில், ஓர் ஆம்ப்ளிஃபயருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள மாற்றம்.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஒலியைக் கடத்தும் இணைப்பு மின்தேக்கிகளிலும் இதே தர்க்கம் பொருந்தும். வழக்கமான 0.022 மைக்ரோஃபாரட், 1 மெகா ஓம் மின்தடையுடன் சேர்ந்து 7 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது, 0.0022 வைத்தால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கத் தொடங்கும். கிரிட் மின்னோட்டம் பாயும்போது பெரிய மின்தேக்கி மின்னேற்றம் பெற்று, வால்வைச் சற்று நேரம் ஊமையாக்கிவிடும் கோளாறும் சிறிய மின்தேக்கியில் குறைகிறது. உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு வேகமாக வாசிக்கும்போது ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்பதற்கு இது முக்கியம்.

டிஸ்டார்ஷனின் அளவு, நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதால் வருகிறது. 2203-இன் இரண்டாம் நிலையில் கேத்தோடு மின்தடை 10 கிலோ ஓம். அதற்கு மின்தேக்கியே கிடையாது. பெருக்கம் எட்டு மடங்கு அளவில் நின்றுவிடும் என்றாலும், வால்வு ஏறக்குறைய அணைந்த நிலையில் இருப்பதால் அலையின் ஒரு பக்கம் சீக்கிரமே வெட்டுப்படுகிறது. இந்த ஒருபக்க வெட்டே அந்த ஆம்ப்ளிஃபயரின் கரகரப்புக்கு அடிப்படை. ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் மைக் சொல்டானோ தன் ஆம்ப்ளிஃபயரில் இதே யோசனையை 39 கிலோ ஓம் வரை கொண்டுபோனார். நிலைகளுக்கு இடையே இரண்டு 470 கிலோ ஓம் மின்தடைகள் ஒலியைப் பாதியாகக் குறைப்பதும் வேண்டுமென்றே செய்யப்பட்டதுதான். பெருக்கியதை உடனே குறைக்காவிட்டால் அடுத்த வால்வு ஒலியை இரைச்சலாக்கிவிடும். கூடுதலாக ஒரு வால்வு நிலையைச் சேர்க்கிறவர்கள் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்ளாவிட்டால், தந்தியைத் தொடாமலேயே ஆம்ப்ளிஃபயர் வீலென்று கத்தும். அனுபவசாலிகள் ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கம்பியாகத் தள்ளிப் பார்த்து, கத்தல் எந்த இடத்தில் அடங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

உலோகக் கரண்டியோ விரலோ இல்லாமல் மூங்கில் குச்சி எதற்கு என்றால், உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் 50 மைக்ரோஃபாரட் வடிகட்டி மின்தேக்கி ஒன்று அந்த அழுத்தத்தில் 5 ஜூல் ஆற்றலைத் தேக்கிவைத்திருக்கும். பொருத்தமான மின்தடை வழியே அதை வடியவிட்டு, மல்டிமீட்டரில் சுழியைக் கண்ணால் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே முறை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி கருகும் வாய்ப்பும் உண்டு.

தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் விஷயத்தில் மாற்றம் இவ்வளவு ஆபத்தானதல்ல, குழப்பம்தான் அதிகம். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு கம்பிச்சுருள்கள், காந்த முனையும் கம்பி சுற்றிய திசையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருக்கும். மின்சார இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிய, தந்தியின் ஒலி மட்டும் கூடும். பல்லாயிரம் மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இது ஆடம்பரமல்ல, தேவை. 1972-இல் லாரி டிமார்சியோ அறிமுகப்படுத்திய சூப்பர் டிஸ்டார்ஷன், செராமிக் காந்தத்தையும் கூடுதல் கம்பிச்சுற்றுகளையும் கொண்டு, பழைய மாதிரியைவிடப் பலமான மின்னலையைத் தந்தது. முதல் வால்வின் கிரிட் தாங்கும் அளவு இரண்டு வோல்ட்டுக்குள் என்பதை நினைவில் வைத்தால், பிக்கப்பின் வெளியீடு ஒரு வோல்ட்டை நெருங்கும்போது என்ன ஆகும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் சுற்றுகள் கூடினால், மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மையான தூண்டலும் கூடுகிறது. 4.5 ஹென்றி தூண்டல் உள்ள பிக்கப், கேபிளின் 600 பிகோஃபாரட்டுடன் சேர்ந்து 3,060 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கிறது. அதைத் தாண்டிய ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். தூண்டல் 8 ஹென்றியானால் அந்த எல்லை 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, தட்டின் கூர்மை மழுங்குகிறது. விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் மின்தடை எண் இதைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்லும். மெல்லிய கம்பியைச் சுற்றினாலே அந்த எண் உயர்ந்துவிடும். மூட்டையின் எடையை வைத்து உள்ளே இருப்பது அரிசியா உமியா என்று சொல்வதைப் போன்றது, ஓம் கணக்கைப் பார்த்து பிக்கப் வாங்குவது. சுற்றுகளைக் குறைத்து, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறு பெருக்கியை பிக்கப்புக்குள்ளேயே வைக்கும் ஆக்டிவ் வகை இந்தச் சிக்கலை வேறு வழியில் கடக்கிறது. கேபிள் அதன் ஒலியை அவ்வளவாக மாற்றுவதில்லை.

புதிய பிக்கப் வாங்கும் முன் இருப்பதன் இரு ஓரத் திருகுகளையும் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. தடித்த தந்திகளின் பக்கம் அரைச் சுற்று இறக்கி, மெல்லிய தந்திகளின் பக்கத்தை அப்படியே விட்டால், ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் பேஸ் அங்கேயே சற்றுக் குறைகிறது. செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர். பிடிக்காவிட்டால் அரைச் சுற்றுத் திருப்பி ஏற்றிவிடலாம்.