கோலாலம்பூர் – சென்னை: டிக்கெட்டில் உள்ள நாலு மணி நேரம் எதற்கெல்லாம் போகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து கல்யாணத்துக்கோ கோயில் யாத்திரைக்கோ சென்னை போகிறவர்கள் முதலில் குழம்புவது டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துத்தான். இரவு 10 மணிக்குப் புறப்பட்டு 11.30க்குச் சென்னை என்றிருந்தால், பயணம் ஒன்றரை மணி நேரம் அல்ல. புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போடப்படுகின்றன. மலேசியா இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதால், போகும்போது அதைக் கூட்ட வேண்டும், திரும்பும்போது கழிக்க வேண்டும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் வித்தியாசம் 2 மணிதான்.

சரி, 4 மணி நேரம். ஆனால் தூரத்தை வேகத்தால் வகுத்தால் அது வராது. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்குப் பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 2,630 கி.மீ. அந்தக் கோடு மலாக்கா நீரிணை வழியாக, சுமத்ராவின் வடகோடியான அச்சே முனையையும் பெரிய நிக்கோபார் தீவையும் ஒட்டி வங்கக் கடலுக்குள் போகிறது. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் 35,000 அடியில் மணிக்குச் சுமார் 840 கி.மீ. பறக்கும். கணக்குப்படி 3 மணி 8 நிமிடம். மீதி 50 நிமிடம் எங்கே?

டிக்கெட் நேரம் விமானம் தன் இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, சென்னையில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் ஊர்ந்து வருவதும் சேர்ந்து 25 நிமிடம் தின்னும். 10,000 அடிக்குக் கீழே வழக்கமான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. 1,000 அடி இறங்க 3 கடல் மைல் (சுமார் 5.5 கி.மீ.) என்பது விமானிகளின் கைக்கணக்கு. அதனால் சென்னைக்கு 200 கி.மீ. முன்பே இறக்கம் தொடங்கிவிடும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் இப்படிக் கால் மணி நேரம் கரைகிறது. வான்பாதை நேர்க்கோடாக இல்லாததும், இறங்க வரிசையில் காத்திருப்பதும் மீதி.

காற்றும் கணக்கை மாற்றும். எதிர்க்காற்று மணிக்கு 60 கி.மீ. இருந்தால் 12 முதல் 15 நிமிடம் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசுகிறது. அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். வங்கக் கடலில் இடிமேகம் எழுந்தால் விமானி பல கிலோமீட்டர் விலகிச் சுற்றுவார். அந்தத் தாமதம் நல்ல தாமதம்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு உண்மையான சிக்கல் தரையில்தான். கே.எல்.ஐ.ஏ. ஏறக்குறைய 290 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, பிளஸ் நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரமாவது ஆகும். பெருநாள் சமயத்தில் தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே வண்டி நகராது. பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுகின்றன. டெர்மினல் 1, 2 தனித்தனிக் கட்டடங்கள். தவறான இடத்தில் இறங்கினால் ரயிலோ பஸ்ஸோ பிடித்துத்தான் மாற வேண்டும். இரவு 10 மணி விமானத்துக்குச் சாதாரண நாளில் மதியம் 3 மணிக்கும், பெருநாளில் 1 மணிக்கும் வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.