அம்மாவை உட்கார வைத்தே கெடுக்காதீர்கள்

"அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடறதில்லைங்க, ஊட்டியே விட்டுடறோம்." பக்கவாதம் வந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்போது வரும் எரிச்சலை அடக்கிக்கொண்டுதான் அந்தக் கையைப் பார்ப்பேன். இந்த வாரமும் பார்த்தேன். டிஸ்சார்ஜ் ஆனபோது டம்ளரைப் பிடித்த கை, இப்போது மடியில் சும்மா கிடக்கிறது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தானே செய்ய மறுபடி பழக்குகிறவர். (பிசியோவா என்பார்கள். இல்லை. அவர்கள் நடக்க வைப்பார்கள், நடந்துபோய் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது என் கவலை.)

ஓய்வு கொடுத்தால் எல்லாம் தேறும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! காய்ச்சலுக்குச் சரி. பக்கவாதத்தில், பயன்படுத்தாத கையை மூளையும் மறந்துவிடும். சரி, டிவி முன்னால் உட்கார வைத்தால் பொழுது போகுமே என்பவர்கள் அடுத்த ரகம். லாஸ் ஏஞ்சலஸில் 361 முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 1997இல் வெளியானது. முதல் குழுவுக்கு, அவரவருக்கு முக்கியமான அன்றாட வேலைகளை வைத்து ஆக்குபேஷனல் தெரபி, இரண்டாவதற்குக் கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்ச்சிகள், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்பது மாதம் கழித்து முதல் குழுவின் நிலைதான் மேலாக இருந்தது, பொழுதுபோக்கியவர்களுக்கும் ஒன்றும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

அப்புறம், கைக்குப் பயிற்சி என்று வாங்கிக் கொடுக்கும் அந்த ஸ்பாஞ்ச் பந்து. இறுகி மடங்கும் விரல்களுக்கு விரிப்பதுதான் கஷ்டம், நீங்களோ அமுக்கச் சொல்கிறீர்கள். இந்த வாரம் வந்த அம்மாவிடம் பந்துக்குப் பதில் முருங்கைக்கீரையைக் கொடுத்தோம். இடது கையில் காம்பு, பலவீனமான வலது விரல்களால் உருவ வேண்டும். இலையோடு ஈர்க்கும் சேர்ந்து விழுந்தது. "இப்படிப் போட்டா பேரன் திங்கமாட்டான்" என்று, யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

கூட வந்த மகளைப் பார்த்தால் நோயாளி யாரென்றே சந்தேகம் வரும். முதுகுவலி, தூக்கமில்லை, நின்றுகொண்டே சாப்பாடு. ஒரே வீட்டில் ஒருத்தருக்கு வேலையே இல்லை, இன்னொருத்தருக்கு வேலையைத் தவிர ஒன்றுமில்லை. வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் நான்கும் சமன்பட வேண்டும் என்று அடால்ஃப் மேயர் என்ற மனநல மருத்துவர் 1922லேயே எழுதிவிட்டார். நாம்தான் ஓய்வை அம்மாவுக்கும் வேலையை மகளுக்கும் என்று பங்கு போட்டுவிட்டோம்.

சாப்பிடும்போது இருமல், புரையேறுதல் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், தானே சாப்பிட விடுவதெல்லாம் அதற்குப் பிறகு. கையில் உணர்ச்சி குறைவா? அடுப்பு, கத்தி கூடவே கூடாது. தடுமாறுகிறவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை: பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். சட்டைப் பட்டன் போடப் பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும், குறுக்கே புகுந்து நீங்களே போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மகள்களே, அம்மா கீரை ஆயும் அரைமணி நேரம் போய்ப் படுங்கள், பாத்திரம் கழுவப் போகாதீர்கள். அண்ணன் தம்பி இருந்தால் வாரத்தில் சில இரவுகளாவது அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.